மீன்தொட்டியில் சிவப்புச் செடி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது

கடையில் ரத்தச் சிவப்பாக நின்ற ரோட்டாலா என்ற தண்டுச் செடியை வாங்கி வந்து நட்டால் மூன்றே வாரத்தில் பச்சையாகிவிடுகிறது. உடனே பெரும்பாலானவர்கள் இரும்பு உரம் ஒரு பாட்டில் வாங்குகிறார்கள், லைட்டையும் கூட்டுகிறார்கள். அடுத்த மாதம் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பாசி. வாங்கிய பொருள்களில் குறை ஒன்றும் இல்லை, செய்த வரிசைதான் தப்பு. தண்ணீரும் கார்பனும் உரமும் சரியாகி, செடி தடங்கலில்லாமல் வளரத் தொடங்கிய பிறகுதான் நிறத்தைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

கீழே உள்ள அளவுகள் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டிக்கானவை. அதன் கொள்ளளவு 56 லிட்டர். மண்ணும் கல்லும் போக 50 லிட்டருக்குள்தான் தண்ணீர் நிற்கும். உரக் கணக்கை அந்த 50-ஐ வைத்தே போட்டிருக்கிறேன்.

1. எந்தச் செடி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சிவப்புச் செடிகள் எல்லாம் ஒரே காரணத்தால் சிவப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

முதல் வகை, பிறவியிலேயே சிவப்பு. லுட்விஜியா சூப்பர் ரெட், ஆல்டர்நாந்தெரா ரெய்னெக்கி, சிவப்பு டைகர் லோட்டஸ் எல்லாம் இதில் சேரும். நன்றாகச் சாப்பாடு கிடைத்தால் இவை சிவப்பாகவே இருக்கும், பட்டினி போட்டால் கெட்டுப்போகும். ஆல்டர்நாந்தெரா நம் பொன்னாங்கண்ணிக் கீரையின் உறவு. அதில் இருப்பது பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாலைன் வகைச் சாயம்.

இரண்டாம் வகை, சூழ்நிலையைப் பார்த்துச் சிவப்பவை. ரோட்டாலா ரொட்டண்டிஃபோலியாவும் அதன் எச்ரா, பிளட் ரெட் ரகங்களும் இப்படி. வெளிச்சம் அதிகமாகவும் தண்ணீரில் நைட்ரேட் (நைட்ரஜன் சத்து) குறைவாகவும் இருந்தால் ஆந்தோசயனின் என்ற சிவப்புச் சாயம் சேர்ந்து இலை சிவக்கும். நைட்ரேட் ஏறினால் பச்சைக்கோ ஆரஞ்சுக்கோ திரும்பிவிடும்.

மூன்றாம் வகை, தண்ணீர் விஷயத்தில் கறாரானவை: ரோட்டாலா மாக்ராண்ட்ரா, அம்மானியா போன்றவை. மாக்ராண்ட்ரா தென்னிந்தியச் செடிதான், ஆனாலும் நம் போர் தண்ணீர் அதற்கு ஒத்துவராது. முதல் தொட்டியில் இதை வைக்க வேண்டாம்.

கார்பன் டை ஆக்ஸைடு செலுத்தப்போவதில்லை என்றால் லுட்விஜியா ரெபென்ஸ், டைகர் லோட்டஸ், இலங்கையைச் சேர்ந்த கிரிப்டோகோரைன் வெண்ட்டியின் பழுப்பு ரகம், இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரத்தச் சிவப்பு வராது, செம்பழுப்பு வரும். அதுவும் அழகுதான்.

கடையில் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. விறைப்பான இலையுள்ள டிரசீனா, கார்டிலைன், சில இடங்களில் சிவப்புப் பொன்னாங்கண்ணிகூட, தொட்டிச் செடி என்று விற்கப்படும். இவை தரைச் செடிகள். தண்ணீருக்குள் சில வாரம் தாக்குப்பிடித்துவிட்டு அழுகும்.

2. தண்ணீரை அளந்து, கலந்து வையுங்கள்

லைட் வாங்கும் முன் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) மீட்டரும், கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை), ஜி.எச். (கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை) பார்க்கும் சொட்டு டெஸ்ட் கிட்டும் வாங்குங்கள். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீரின் டி.டி.எஸ். 800-ஐத் தாண்டும். கே.எச். அதிகமான தண்ணீரில் பி.எச். மேலேயே நிற்கும். அப்போது நீங்கள் போடும் இரும்பு செடிக்குக் கிடைக்கும் முன்பே படிந்து வீணாகும்.

குறி இதுதான்: கே.எச். 2 முதல் 4, ஜி.எச். 4 முதல் 8. இந்த எல்லைக்குள் இருந்தால் முதல் இரண்டு வகைச் செடிகளும் தாராளமாக வளரும்.

ஆர்.ஓ. தண்ணீரைக் கலப்பதுதான் நம்பகமான வழி. குழாய்த் தண்ணீரின் கே.எச். 12 என்றால் ஒரு பங்கு குழாய்த் தண்ணீருக்கு மூன்று பங்கு ஆர்.ஓ. சேர்த்தால் 3-க்கு இறங்கும். ஜி.எச்.சும் கால்பங்காகும். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் டி.டி.எஸ். கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும், முழுக்கத் திறந்து வைத்திருந்தால் நீங்கள் நினைத்த கலவை வராது. எனவே மெஷினிலிருந்து வரும் தண்ணீரையும் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். மெஷின் இல்லாதவர்களுக்கு 20 லிட்டர் கேன் தண்ணீர் போதும். அதையும் அளக்காமல் ஊற்றக் கூடாது.

சுத்த ஆர்.ஓ.வை மட்டும் ஊற்றினால் கால்சியமும் மக்னீசியமும் இல்லாமல் புது இலைகள் முறுக்கிக்கொள்ளும். குழாய்த் தண்ணீர் கலக்கவே முடியாத அளவுக்கு உப்பு என்றால், 50 லிட்டர் ஆர்.ஓ.வுக்குச் சுமார் 4.5 கிராம் ஜிப்சமும் 2.2 கிராம் எப்சம் உப்பும் சேர்த்தால் ஜி.எச். 4 வரும். ஜிப்சம் மெதுவாகத்தான் கரையும், முதல் நாளே வாளியில் கலக்கிவிடுங்கள்.

அப்பார்ட்மென்ட்களில் உப்பு போட்டு இயக்கும் சாஃப்ட்னர் தண்ணீர் பெரிய பொறி. சோப்பு நுரைக்கிறது, ஜி.எச். டெஸ்ட்டும் குறைவாகக் காட்டுகிறது என்று நம்பி ஊற்றுவார்கள். அது கால்சியம், மக்னீசியத்தைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கும். கே.எச். துளியும் இறங்காது. இந்தத் தண்ணீரைத் தொட்டிக்குப் பயன்படுத்தவே வேண்டாம். மெட்ரோ வாட்டராக இருந்தால் குளோரின் நீக்கி போட மறக்காதீர்கள்.

3. அடிமண்

அக்வாசாயில் (செடித் தொட்டிக்கென்றே விற்கும் சத்துள்ள மண்) போட வசதி இருந்தால் அதுவே சுலபம். அது கே.எச்.சையும் கொஞ்சம் இழுத்துக் குறைக்கும், வேருக்கும் உணவு தரும். ஆனால் முதல் சில வாரம் அம்மோனியா வெளிவிடும், அதனால் மீனை உடனே விடக் கூடாது.

கழுவிய ஆற்று மணலோ சிறு கருங்கல் துகளோ போட்டாலும் சிவப்பு வரும். வேர் மாத்திரையை விரல் நீள இடைவெளியில் புதைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மார்பிள் துண்டு, பவளத் துகள், சிப்பி மட்டும் கூடாது. இவை கரையக் கரைய நீங்கள் ஆர்.ஓ. ஊற்றிக் குறைத்த கே.எச். மறுபடி ஏறும். சந்தேகமாக இருந்தால் கல்லின் மேல் கொஞ்சம் ஆசிட் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் ஒதுக்கிவிடுங்கள்.

அடிமண் முன்பக்கம் 2 அங்குலமும் பின்பக்கம் 3 அங்குலமும் இருக்கட்டும். ஆழம் குறைந்தால் தண்டுச் செடி நிற்காமல் மிதந்து வரும்.

4. கார்பன் டை ஆக்ஸைடு: இங்கே நேரம் செலவிடுங்கள்

சிவப்பு வராத தொட்டிகளில் பெரும்பாலானவற்றின் குறை இங்கேதான். வெளிச்சம் ஏறினால் செடியின் கார்பன் பசியும் ஏறும். அந்தப் பசியைத் தீர்க்காமல் லைட்டை மட்டும் கூட்டினால் செடி நின்றுவிடும், அந்த இடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

தேவையானவை: சிலிண்டர், சோலனாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) உள்ள ரெகுலேட்டர், வாயுவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வு, குமிழி எண்ணும் குழாய், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு, வாயுவைப் பொடிக் குமிழிகளாக்கும் டிஃப்யூசர், டைமர். தீயணைப்பான் நிரப்பும் கடைகளில் சிலிண்டரை நிரப்பித் தருவார்கள். சிட்ரிக் ஆசிட்டும் சமையல் சோடாவும் கலக்கும் பாட்டில் செட்டும் இந்த அளவுத் தொட்டிக்குப் போதும். ஈஸ்ட், சர்க்கரை முறை நம் சூட்டில் முதல் வாரம் பொங்கிவிட்டு அப்புறம் படுத்துவிடும். நிலையாக வராத வாயு கரும்பாசிக்குத்தான் நல்லது.

இணைக்கும் வரிசை முக்கியம். சிலிண்டரை நேராக நிறுத்துங்கள். ஊசி வால்வை முழுக்க மூடிய பிறகே சிலிண்டர் வால்வைத் திறக்க வேண்டும், மாற்றிச் செய்தால் முழு அழுத்தமும் குழாயில் பாயும். இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள். அப்புறம் ஊசி வால்வை மெல்லத் திறந்து விநாடிக்கு ஒரு குமிழியில் தொடங்குங்கள்.

குமிழி எண்ணிக்கை ஒரு தொடக்கம் மட்டுமே. நண்பர் தொட்டியில் ஓடும் எண்ணிக்கை உங்கள் தொட்டிக்குப் பொருந்தாது. உண்மையான அளவு இப்படித் தெரியும்: தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து ஒரு நாள் திறந்து வைத்து அதன் பி.எச். பாருங்கள். வாயு ஓடும்போது தொட்டியின் பி.எச். அதைவிட ஏறத்தாழ 1 குறைந்திருந்தால் அளவு சரி, சுமார் 30 பி.பி.எம். (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) இருக்கும்.

கூடவே ட்ராப் செக்கர் (தண்ணீரில் வாயு எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் சின்னக் குடுவை) வையுங்கள். அதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றுவது பலரும் செய்யும் தப்பு. கே.எச். 4 என்று தயாரித்து விற்கும் கரைசலைத்தான் ஊற்ற வேண்டும். நீலம் என்றால் குறைவு, இளம்பச்சை சரி, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதனால் ஒரு முறை திருகினால் இரண்டு மணி நேரம் பொறுத்து அடுத்த திருகு.

டைமரில் வாயு, லைட் எரிவதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்பே திறக்கட்டும். லைட் போட்ட அந்த நிமிடமே செடி கார்பன் கேட்கும், அப்போது தண்ணீரில் தயாராக இருக்க வேண்டும். லைட் அணைவதற்கு ஒரு மணி நேரம் முன் வாயு மூடிக்கொள்ளலாம். அளவைக் கூட்டும் வேலையை நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் செய்யுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே வாயுவை நிறுத்தி ஏர் பம்ப்பைப் போடுங்கள்.

பாட்டிலில் வரும் திரவ கார்பனைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் இருப்பது பெரும்பாலும் குளுட்டரால்டிஹைடு. பாசியைக் கொல்ல உதவும். சிலிண்டருக்கு மாற்று என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

5. வெளிச்சம்: குறைவில் தொடங்குங்கள்

நல்ல செடி லைட்டை டிம்மரோடு வாங்கி, பாதி அளவில், 6 மணி நேரத்தில் தொடங்குங்கள். செடி வேர்விட்டுப் புது இலை காட்டிய பிறகு வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றி 8 மணி நேரத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் நேரத்தை நீட்டினால் பாசிதான் லாபம். நிறம் வேண்டுமென்றால் பிரகாசத்தைக் கூட்டலாம், நேரத்தைக் கூட்டுவதில் பயனில்லை.

பிரகாசம் ஏன் சிவக்க வைக்கிறது என்றால், சிவப்புச் சாயம் அதிக வெளிச்சத்திலிருந்து இலையைக் காக்கும் ஒரு தடுப்பு. வெயிலில் வைத்த மாங்கொழுந்து செம்பாக இருப்பதும் இந்தத் தேவைக்காகத்தான். அதனால்தான் தண்டின் நுனி சிவந்தும் அடி பச்சையாகவும் இருக்கும். நெருக்கி நட்டால் அடியில் வெளிச்சம் படாமல் இலை உதிரும்.

மலிவான வெள்ளை ஃப்ளட் லைட்டிலும் செடி வளரும். நிறம்தான் கண்ணுக்கு மங்கித் தெரியும், அதன் ஒளியில் சிவப்பு குறைவு. சிவப்பு, நீலம், பச்சை கலந்த ஆர்.ஜி.பி. லைட்டில் அதே செடி பளிச்சென்று இருக்கும். படங்களில் பார்க்கும் நிறத்தில் ஒரு பங்கு லைட்டுடையது, இன்னொரு பங்கு கேமராவுடையது. அதைப் பார்த்துவிட்டு உங்கள் செடி நோயாளி என்று முடிவு கட்ட வேண்டாம்.

6. நடுவது

கடைச் செடிகளில் பெரும்பாலானவை தண்ணீருக்கு வெளியே வளர்க்கப்பட்டவை. அந்த இலைகள் தண்ணீருக்குள் கரைந்து விழுவது இயல்பு. நுனியில் புது இலை வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள், இரண்டு மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். பயந்து பிடுங்கி இடம் மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

டிஷ்யூ கல்ச்சர் (ஆய்வகத்தில் ஜெல்லியில் வளர்த்த செடி) கப் வாங்கினால் நத்தையும் பாசியும் வராது. வேரில் உள்ள ஜெல்லியைச் சாதாரணத் தண்ணீரில் முழுக்க அலசிவிடுங்கள். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் கட்டாகக் கிடைக்கும் செடிகளில், கட்டியிருக்கும் ஈய வளையத்தையும் பஞ்சையும் எடுத்துவிட்டு, அழுகிய அடித்தண்டை வெட்டி எறிந்து, நத்தை முட்டை இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பாருங்கள்.

கீழ் இரண்டு கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, நீண்ட இடுக்கியால் தண்டை ஒவ்வொன்றாக, சற்றுச் சாய்வாக நடுங்கள். கட்டோடு நட்டால் நடுத்தண்டு அழுகும். ரோட்டாலாவுக்கு ஒரு விரல் இடைவெளி, ஆல்டர்நாந்தெராவுக்கு இரண்டு விரல். டைகர் லோட்டஸ் கிழங்கைப் பாதிக்கு மேல் புதைக்க வேண்டாம்.

முதல் நாளிலேயே தொட்டியை நிரப்பி நடுங்கள். காலி இடத்துக்கு மலிவான வேகச் செடி, ஹைக்ரோஃபிலா போல, வைத்துக்கொண்டு பின்னால் எடுத்துவிடலாம். செடி குறைவாக இருந்தால் மிச்ச உணவு பாசிக்குப் போகும்.

7. உரம்: முதலில் வயிறு நிறைய

முதல் ஒன்றரை மாதம் எதையும் குறைக்க வேண்டாம். நிறம் பச்சையாக இருந்தாலும் இருக்கட்டும்.

விலை உயர்ந்த பாட்டில்கள் கட்டாயமில்லை. விவசாய உரக் கடைகளில் 13-0-45 என்ற பெயரில் பொட்டாசியம் நைட்ரேட், 0-52-34 என்று மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், 0-0-50 என்று பொட்டாசியம் சல்பேட் கிடைக்கும். அரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் முறையே 25 கிராம், 5 கிராம், 25 கிராம் கரைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரைசலில் 10 மி.லி. ஊற்றினால் 50 லிட்டரில் நைட்ரேட் 6, பாஸ்பேட் 1.4, பொட்டாசியம் 8 பி.பி.எம். அளவுக்குச் சேரும். வாரத்துக்கு இரண்டு முறை போதும். அக்வாசாயில் புதிதாக இருந்தால் முதல் மாதம் ஒரு முறை.

அதே அலமாரியில் 19-19-19 இருக்கும், ‘எல்லாம் ஒன்றுதான் சார்’ என்று கடைக்காரர் எடுத்துத் தருவார். வாங்க வேண்டாம். அதில் யூரியாவும் அம்மோனியமும் இருக்கிறது. மீனுக்கு விஷம், பாசிக்கு விருந்து. 12-61-0 வேண்டாம் என்பதற்கும் காரணம் அதே அம்மோனியம்தான்.

இரும்பு போன்ற நுண்சத்தைத் தனி பாட்டிலில், வேறு நாளில் போடுங்கள். பாஸ்பேட்டோடு இரும்பைக் கலந்தால் இரண்டும் சேர்ந்து படிந்துவிடும். இரும்பு வாங்கும்போது, அதைப் படியாமல் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் பொருள் எந்த வகை என்று பாருங்கள்: பி.எச். 6.5-க்குக் கீழ் என்றால் இ.டி.டி.ஏ. போதும், 7-ஐ ஒட்டி இருந்தால் டி.டி.பி.ஏ. வகை. கடினத் தண்ணீருக்கான இ.டி.டி.எச்.ஏ. வகை வேலை செய்யும், ஆனால் தண்ணீரையே சிவப்பாக்கிவிடும்.

இரும்பு போட்டால் இலை சிவக்கும் என்ற நம்பிக்கையை இங்கேயே விட்டுவிடுங்கள். சிவப்புச் சாயத்தில் இரும்பு கிடையாது. பச்சையம் உருவாகத்தான் அது தேவை. குறைந்தால் நுனி இலை வெளுக்கும், போதுமான அளவுக்கு மேல் போட்டாலும் நிறம் அதிகமாகாது. நுண்சத்தில் செம்பும் இருப்பதால் இறால் வளர்ப்பவர்கள் அளவைத் தாண்டவே கூடாது.

வாரம் ஒரு முறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். கூடிப்போன உரம் அதோடு வெளியேறிவிடும், துல்லியமாக அளக்கத் தேவையில்லாமல் போகிறது.

8. இப்போது நிறத்துக்கு வரலாம்

தொடங்கும் முன் மூன்றைப் பாருங்கள்: வாரத்துக்கு ஒரு அங்குலமாவது வளர்கிறதா, புது இலை முறுக்கில்லாமல் இருக்கிறதா, பாசி அடங்கியிருக்கிறதா. ஒன்று இல்லையென்றாலும் 4-ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

மூன்றும் இருந்தால், ரோட்டாலா வகைகளுக்கு மட்டும், நைட்ரேட்டைக் குறைக்கும் வேலையைத் தொடங்கலாம். கரைசலில் பொட்டாசியம் நைட்ரேட்டை 25 கிராமிலிருந்து 12 ஆக்குங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும். டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் 5-ஐ ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழோ நிற்க வேண்டும். நைட்ரஜன் குறையும்போது செடியின் பச்சையமும் வளர்ச்சியும் மட்டுப்படும், தயாரித்த சர்க்கரை சிவப்புச் சாயத்துக்குப் போகும். புது நுனியில் இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும். பழைய இலை மாறாது.

எல்லா உரத்தையும் சேர்த்து நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. பாஸ்பேட்டும் பொட்டாசியமும் நின்றால் செடி சிவக்காது, சுருங்கும். கண்ணாடியில் சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளிகள் வரும். மீன் தீனியும் நைட்ரேட் கணக்கில் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம். மீன் நிறைய இருக்கும் தொட்டியில் நைட்ரேட் போடாமலேயே 20-ஐத் தாண்டும்.

ஆல்டர்நாந்தெரா, அம்மானியா அதே தொட்டியில் இருந்தால் சமரசம் தேவை. நைட்ரேட் குறைந்தால் அவற்றின் அடி இலைகள் மஞ்சளாகி விழும். என்னைக் கேட்டால் ஒரு தொட்டிக்கு ஒரு வகை என்று வைத்துக்கொள்வதே நிம்மதி. கலந்துதான் வேண்டும் என்றால் ஆல்டர்நாந்தெராவின் வேரடியில் மாத்திரையைப் புதைத்துவிட்டு, தண்ணீரில் நைட்ரேட்டைக் குறையுங்கள்.

9. கவாத்து

தண்டு மேல்மட்டத்தைத் தொடும் முன் வெட்டுங்கள். முதல் இரண்டு முறை நுனியை வெட்டிவிட்டு அடியை மண்ணிலேயே விட்டால் வெட்டுக்குக் கீழே உள்ள கணுவிலிருந்து புதுக் கிளைகள் வரும், புதர் அடர்த்தியாகும். அதற்கப்புறம் அடித்தண்டு கிழடாகிவிடும். அப்போது பிடுங்கி எறிந்துவிட்டு, நிறமுள்ள நுனிகளையே மறுபடி நடுங்கள். மாக்ராண்ட்ராவுக்கு எப்போதுமே நுனி நடவுதான்.

ஒரே நாளில் தொட்டி முழுவதையும் வெட்டக் கூடாது. செடிப்பரப்பு திடீரென்று பாதியானால் தண்ணீரில் உள்ள உரத்தை உண்ண ஆள் இருக்காது. வாரத்துக்கு ஒரு புதர் வெட்டி, அன்றே தண்ணீரும் மாற்றுங்கள்.

10. கோடைக்காலம்

22 முதல் 26 டிகிரி இந்தச் செடிகளுக்குச் சுகம். ஏப்ரல், மே மாதங்களில் நம் தொட்டிகள் 31, 32-ஐத் தொடும். சூட்டில் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும், மீனுக்கோ அப்போது கூடுதலாகத் தேவை. ஆகவே குளிர்காலத்தில் சரியாக இருந்த வாயு அளவு கோடையில் மீனைத் திணறடிக்கலாம், சற்றுக் குறைத்துவிடுங்கள்.

தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாகி 2, 3 டிகிரி இறங்கும். வற்றிய அளவை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டுமே நிரப்ப வேண்டும். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அப்படியே தங்கும். குழாய்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் மாதக் கடைசியில் டி.டி.எஸ். நன்றாக ஏறியிருக்கும். லைட்டைப் பகலில் போடாமல் மாலை 4-லிருந்து இரவுக்குள் ஓட விடுவதும் உதவும்.

11. இலை சொல்லும் அறிகுறி

அடி இலை மஞ்சளாகி உதிர்கிறது, நுனி நன்றாக இருக்கிறது: நைட்ரஜன் போதவில்லை, அல்லது அடியில் நிழல். பழைய இலையில் ஊசி ஓட்டை: பொட்டாசியம். நுனி வெளுத்து நரம்பு மட்டும் பச்சை: இரும்பு, அல்லது பி.எச். ஏறி இரும்பு வீணாகிறது. நுனி முறுக்கு, குட்டை இலை: முதலில் கார்பன் டை ஆக்ஸைடைச் சந்தேகியுங்கள், அப்புறம் கால்சியம்.

இலை ஓரத்தில் கரும்பாசி முடி போல ஒட்டினால் வாயு நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். ஃபில்டரை நிறுத்திவிட்டு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊசிக் குழலால் நேராக அதன் மேல் கொஞ்சமாக விடுங்கள், 50 லிட்டருக்கு ஒரு நாளில் 10 மி.லி.க்கு மேல் வேண்டாம். சில நாளில் பாசி வெளுத்து விழும். வாயுவை நிலைப்படுத்தாவிட்டால் மறுபடி வரும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதன் பலனைப் பார்க்க இரண்டு வாரம். லைட், உரம், வாயு மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

12. ஊருக்குப் போகும்போது

கிளம்ப ஒரு வாரம் முன்பே கவாத்து செய்து, கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் தண்ணீரை மாற்றிவிடுங்கள். லைட்டை 6 மணி நேரமாகக் குறையுங்கள். வாயுவைத் தொட வேண்டாம். புது சிலிண்டர் மாட்டுவதையோ திருகைக் கூட்டுவதையோ அந்த வாரத்தில் செய்யாதீர்கள். உர பாட்டிலைப் பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டாம், பத்து நாள் உரமில்லாமல் செடி தாங்கும். தீனியை மட்டும் ஒரு நாள் அளவாகப் பொட்டலம் போட்டு, இரண்டு நாளைக்கு ஒன்று என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, மீதி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.